ஐப்டேசியாவை ஒழிக்க எந்த உயிரை நம்புவது?

கேள்வி: நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வீட்டில் 75 கேலன் அளவில் ஒரு பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கிளௌன் மீன்கள், அவை குடியிருக்கும் ஒரு பபிள் டிப் அனிமோன் (உணர்விழைகளோடு பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிர்), ஒரு சிக்ஸ் லைன் ராஸ் மீன், பவளத்துக்கு உறவான ஸொவாந்திட்கள், ஒரு டங்கன் பவளம், சில மென்பவளங்கள் ஆகியவை அதில் உள்ளன. புதிதாக வாங்கிய பவளத் துண்டு ஒன்றுடன் பழுப்பு நிற அனிமோன் ஒன்று வந்துவிட்டது. அதை பிளேடால் சுரண்டி எடுத்தேன். இப்போது நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. மூன்று பெப்பர்மின்ட் இறால்களை வாங்கி விட்டேன். அவை பாறைக்குள் ஒளிந்திருந்து, மீன்களுக்குப் போடும் தீனியை மட்டும் தின்கின்றன. கடைக்காரர் காப்பர்பேண்ட் மீன் வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் பெர்கியா என்ற கடல் நத்தையைச் சொல்கிறார். மருந்தை மட்டும் நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை. எதை வாங்கலாம்? ஒருமுறை ஒழித்துவிட்டால் மீண்டும் வருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் கேட்டதற்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டிக்கு ஏற்றது பெர்கியாதான். ஆனால் இந்த வாரமே அதை வாங்கிவிட வேண்டாம். சிக்ஸ் லைன் ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறால்களும் அங்கே இருக்கும் வரை, நீங்கள் விடும் நத்தைகள் ஐப்டேசியா என்ற அந்தப் பழுப்பு அனிமோன்களைத் தின்னும் முன்பே இரையாகிவிடும். காப்பர்பேண்ட் மீனை உங்கள் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதையும், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் இனி விளக்குகிறேன்.

எந்தப் பகைவிலங்கை விடுவதற்கு முன்பும், தொட்டியில் இருப்பது ஐப்டேசியாதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளவை நீண்ட, ஏறத்தாழ ஒளி ஊடுருவும் தண்டும், நுனி கூர்ந்த மெல்லிய உணர்விழைகளும் கொண்டவை. ஆகவே எனக்கு ஐயமில்லை. நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், மெல்லிய குச்சி ஒன்றால் ஒன்றை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் அது பாறைத் துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் சீண்டினால் உடலிலிருந்து வெண்ணிற நூல் போன்ற இழைகளை வெளியே தள்ளும். அந்த இழைகள் முழுவதும் கொட்டும் செல்கள் நிறைந்தவை. பக்கத்தில் இருக்கும் பவளத்தின் திசு கருகிப்போவதற்கு உணர்விழைகளோடு இவையும் காரணம். மஜானோ என்ற இன்னொரு தொல்லை அனிமோன் குட்டையாக, பருத்த உணர்விழைகளோடு, பெரும்பாலும் பச்சை கலந்த நிறத்தில் இருக்கும். பெர்கியா அதைத் தொடாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நத்தைகளை வாங்கி, அவை பட்டினியால் மடிவதைப் பார்த்து வருந்தியவர்கள் உண்டு.

பிளேடு ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. ஐப்டேசியா தன் அடித்தட்டிலிருந்து சிறு துணுக்குகளைக் கழற்றி விட்டுக்கொண்டே இனம் பெருக்கும். அது நகர்ந்து செல்லும் வழியில் பாறையில் ஒட்டி நின்றுவிடும் ஒவ்வொரு துணுக்கும் ஓரிரு வாரங்களில் உணர்விழைகளோடு கூடிய முழு அனிமோனாகிவிடும். நீங்கள் சுரண்டியபோது, அது தானாகச் செய்யும் வேலையை நீங்கள் வேகமாகச் செய்துவிட்டீர்கள். அது மட்டுமல்ல, நீரோட்டம் அந்தத் துணுக்குகளைத் தொட்டியின் எல்லா மூலைகளுக்கும் கொண்டு சேர்த்தும்விட்டது. இதே இயல்பு காரணமாகத்தான் இன்று எக்ஸைப்டேசியா டயஃபனா என்று பெயரிடப்பட்டிருக்கும் இந்த இனம் ஆய்வுக்கூடங்களில் போற்றி வளர்க்கப்படுகிறது. பவளத்தைப் போலவே இதன் திசுக்களுக்குள்ளும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி குடியிருக்கிறது. ஒரே உயிரிலிருந்து நூற்றுக்கணக்கான படிகளை எளிதாக எடுக்கவும் முடிகிறது. ஆகவே பவளங்கள் வெளுப்பது ஏன் என்று ஆராய்வோர் இதைத் தேடிப் பிடித்தார்கள். இதன் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியிடப்பட்டது. அந்தப் பாசி உள்ளேயே இருந்து உணவு தயாரித்துத் தருவதால், தீனியைக் குறைத்தால் ஐப்டேசியா பெருகும் வேகம் குறையுமே தவிர, பட்டினி போட்டு அதை அழிக்க முடியாது.

இனி பகைவிலங்குகளைப் பற்றிச் சொல்கிறேன். பல தொட்டிகளைப் பராமரித்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. பலவற்றையும் தின்னும் உயிர், ஐப்டேசியாவைத் தின்றாலும் அதை முற்றாக முடித்துவைக்காது. எளிதாகக் கிடைக்கும் வேறு உணவு கண்ணில் பட்டதும் அங்கே போய்விடும், சில வேளை அந்த வேறு உணவு உங்கள் பவளமாகவும் இருக்கும். ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் உயிரோ, கடைசி ஒன்று இருக்கும் வரை தேடித் தின்னும், அதன் பின் அதற்கு உணவே இருக்காது. முதல் வகையை நம்பினால் வேலை அரைகுறையாக நிற்கும். இரண்டாம் வகையை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்த பின் அந்த உயிரை என்ன செய்வது என்ற பொறுப்பு நம் மீது வரும். எதை வாங்குவது என்று முடிவெடுப்பதற்கு முன் இந்த இரண்டில் எதை ஏற்கத் தயார் என்று யோசியுங்கள்.

உங்கள் இறால்கள் முதல் வகை. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. பெப்பர்மின்ட் இறால்கள் ஐப்டேசியாவைத் தின்னும் என்பது வெறும் செவிவழிச் செய்தி அல்ல. ஆண்ட்ரூ ரைனும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்துப் பார்த்தது. ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே இனம் அல்ல. லிஸ்மாட்டா வுர்டெமன்னி என்று நீண்ட காலம் ஒரே பெயரில் அழைக்கப்பட்ட மேற்கு அட்லாண்டிக் இறால்களை ரைனும் லின்னும் 2006-இல் மறுபடி ஆராய்ந்து, அவற்றுள் நான்கு புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஃபுளோரிடாவிலிருந்து வணிகத்துக்கு வருபவற்றில் பெரும்பங்கு அந்த நான்கில் ஒன்றான லிஸ்மாட்டா பாகெஸ்ஸி என்பதே இத்துறையினரின் பொதுவான கருத்து. இது ஐப்டேசியாவை நன்றாகவே தின்னும், பசி இருந்தால்.

உங்கள் தொட்டியில் அந்தப் பசி இல்லை. தரையில் விழும் தீனித் துணுக்குகளே மூன்று இறால்களுக்குப் போதும். மேலும் இவை பொதுவாகச் சிறிய ஐப்டேசியாவைத்தான் தேடும், விரல் பருமனுக்கு வளர்ந்தவற்றின் அருகே போவதற்குத் தயங்கும். தீனியை அடியோடு நிறுத்தி இவற்றுக்குப் பசியேற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால், உங்கள் டங்கன் பவளத்தின் வாயிலிருந்தே உணவைப் பிடுங்கப் பழகிவிடும். அந்த ஆலோசனையை நான் தர மாட்டேன். உங்களிடம் இருப்பவை கேமல் இறால்கள் அல்ல என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெப்பர்மின்ட் இறாலின் உடல் கண்ணாடி போல இருக்கும், அதன் மேல் சிவப்புக் கோடுகள் ஓடும். சிவப்புக்கு இடையே பளிச்சென்ற வெண்கோடுகளும் புள்ளிகளும், கூனல் முதுகும், பெரிய கண்களும் இருந்தால் அது கேமல் இறால். அது ஸொவாந்திட்களையும் மென்பவளங்களையும் மேயும் உயிர். இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் கடைகள் இருக்கின்றன.

காப்பர்பேண்ட் அழகான மீன் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீண்ட மூக்கைப் பாறை இடுக்கில் நுழைத்து இரை தேடும் அதன் உடலமைப்பு இந்த வேலைக்கென்றே வடிவமைந்தது போலத் தோன்றும். ஆனால் அது 20 சென்டிமீட்டர் வரை வளரும் மீன், 75 கேலன் அதற்குப் போதாது. இந்தோ-பசிபிக் கடல்களில் பிடிக்கப்பட்டு, பல கைகள் மாறி வருவதால், புதிய தொட்டியில் உணவையே தொடாமல் மெலிந்து சாகும் காப்பர்பேண்ட் மீன்கள் ஏராளம். உணவெடுக்கப் பழகிய மீனும் ஐப்டேசியாவைத் தின்னும் என்று உறுதி இல்லை. சில தின்னும், சில ஏறிட்டும் பாராது. தொட்டியில் உள்ள குழாய்ப் புழுக்களைத் தின்றுவிடுவதில் மட்டும் அவற்றிடையே வேறுபாடு குறைவு. ஒரு தொல்லையை நீக்குவதற்கென்று, வாழ்வதற்கே போராடக்கூடிய ஓர் உயிரை, அதற்குப் போதாத இடத்தில் விடுவதை நான் ஏற்க மாட்டேன். பெரிய தொட்டியும், அந்த மீனை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் எண்ணமும் உள்ளவர்களுக்கு வேறு பதில் சொல்வேன்.

பிரிஸ்டில்டெயில் ஃபைல்ஃபிஷ் என்ற சிறிய மீனையும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வரை வளரும் இது ஐப்டேசியாவை ஆர்வத்தோடு தின்னும், வளர்ப்பகங்களில் பிறந்த குஞ்சுகளும் கிடைக்கின்றன. பவளம் இல்லாத, மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஸொவாந்திட்களையும் டங்கன் போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களையும் அது கடித்துப் பார்க்கும். உங்கள் கிளௌன் மீன்களின் வீடான பபிள் டிப் அனிமோனும் அதற்கு இன்னொரு அனிமோன்தான்.

இப்போது பெர்கியாவுக்கு வருகிறேன். பெர்கியா ஸ்டெஃபனியே என்ற இந்த ஓடில்லாக் கடல் நத்தை ஃபுளோரிடாக் கடற்பகுதியைச் சேர்ந்தது. 2005-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் பெர்கியா வெருசிகார்னிஸ் என்ற வேறோர் இனத்தின் பெயரிலேயே விற்கப்பட்டு வந்தது, பழைய நூல்களில் அந்தப் பெயரையே காண்பீர்கள். வளர்ந்தது இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். முதுகெங்கும் நுனி வெளுத்த விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்திருக்கும். ஐப்டேசியாவைத் தின்னும்போது அதன் கொட்டும் செல்களில் ஒரு பகுதியை வெடிக்கவிடாமல் உடலுக்குள் கடத்தி, அந்த நீட்சிகளின் நுனியில் சேமித்து வைத்து, தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ஐப்டேசியாவைத் தவிர வேறெதுவும் அதற்கு உணவாகாது. உங்கள் பவளங்களுக்கும் பபிள் டிப் அனிமோனுக்கும் அதனால் ஆபத்து இல்லை. ஆய்வுக்கூடத்தில் இவற்றை வளர்க்கும் முறையை கேரலும் கெம்ப்பும் 1990-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். இன்று அமெரிக்காவில் இவற்றை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் உள்ளனர். ஆகவே கடலிலிருந்து பிடித்ததை வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

இவற்றை விடுவதற்கு முன் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். சிக்ஸ் லைன் ராஸ் நாள் முழுவதும் பாறையில் சிறு உயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன், அதன் கண்ணுக்கு இந்த நத்தைகள் தப்பாது. அதை வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றுங்கள் அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள். இறால்களைக் கையால் பிடிக்க முயன்று பாறைகளைக் கலைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, வாய் உள்நோக்கி இருக்கும்படி தலைகீழாகச் செருகி, உள்ளே சில தீனி உருண்டைகளைப் போட்டு, விளக்கு அணைந்த பின் மணற்பரப்பில் படுக்க வையுங்கள். உள்ளே நுழைந்த இறாலுக்கு வெளியே வரும் வழி எளிதில் தெரியாது. மூன்றும் ஒரே இரவில் சிக்காது, சில இரவுகள் தொடர வேண்டியிருக்கும். ராஸ் மீனை விட்டுப் பிரிய உங்களுக்கு மனமில்லை என்றால், அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது பெர்கியா வாங்குவதையும் விட்டுவிடுங்கள். இறால்களை வைத்துக்கொண்டு, பெரிய ஐப்டேசியாவைக் கீழே சொல்லும் முறையில் நீங்களே அவ்வப்போது நீக்கி, தொல்லையைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். முற்றாக ஒழியாது, ஆனாலும் பலர் அப்படியே மகிழ்ச்சியாகத் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

மருந்தை மட்டும் நம்ப விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓரிடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. மிகப் பெரிய ஐப்டேசியா, சிறிய நத்தையைக் கொட்டிக் கொன்றுவிடும் வலிமை கொண்டது. ஆகவே நத்தைகள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, மிகப் பெரியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் பசை போலக் குழைத்து, ஊசிக்குழாயால் அவற்றின் வாயின் மேல் மெதுவாக இடுங்கள். அந்த நேரத்தில் நீரோட்டத்தை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் செய்ய வேண்டாம், நீரின் காரத்தன்மை சட்டென்று ஏறிவிடும். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான் என்றாலும், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் தொட்டியில் இடக் கூடாது. பவளத் தொட்டிகளுக்கென்று விற்கப்படும் தூளையே வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். சிறியவற்றைத் தொடாதீர்கள், அவைதான் நத்தைகளுக்கு முதல் உணவு.

உங்கள் தொட்டிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு நத்தைகள் வாங்கலாம். ஒன்றிரண்டை வாங்கிச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றும் இருபால் உயிரி என்றாலும் முட்டையிடுவதற்கு இன்னொரு நத்தையைச் சந்தித்தாக வேண்டும், இவ்வளவு பெரிய பாறைக் குவியலில் இரண்டே நத்தைகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது அரிது. வந்ததும் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கிய பின், விளக்குகள் அணைந்த வேளையில், பம்புகளை நிறுத்திவிட்டு, சிறிய ஐப்டேசியா கூட்டமாக உள்ள பாறைகளின் அடிப்பகுதியில் நாலைந்தாகச் சேர்த்து இறக்கி விடுங்கள். அவை பாறையைப் பற்றிக்கொண்ட பிறகு பம்புகளை இயக்கலாம். நீர் வழிந்து சம்ப்புக்கு, அதாவது வடிகட்டிகள் இருக்கும் துணைத் தொட்டிக்குச் செல்லும் வாயில் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்து, அதைத் தினமும் அலசுங்கள். இல்லாவிட்டால் பாதி நத்தைகள் வடிகட்டிப் பையில் கிடக்கும்.

அதன் பிறகு உங்களுக்குத் தேவைப்படுவது பொறுமை. முதல் சில வாரங்களுக்கு எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். பகலில் ஒரு நத்தை கூடக் கண்ணில் படாது. எல்லாம் செத்துவிட்டன என்று முடிவு கட்டி இறாலையோ மீனையோ திரும்ப விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். இரவில் சிவப்பு ஒளி தரும் விளக்கோடு பாறையின் அடிப்பகுதியைப் பாருங்கள். கண்ணாடியிலோ பாறையின் கீழ்ப்பக்கத்திலோ சுருள் சுருளாக ஒட்டிய வெண்ணிற முட்டைச் சரம் தெரிந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று பொருள். அந்த முட்டைகள் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும், அவை மிகச் சிறிய ஐப்டேசியாவிலிருந்து மேயத் தொடங்கும். நீங்கள் விட்ட நத்தைகளை விட, தொட்டிக்குள் பிறக்கும் இந்தத் தலைமுறைதான் தொல்லையைத் தீர்க்கப் போகிறது. மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீங்கள் பார்க்கும் மாற்றம் பெரும்பாலும் திடீரென்றுதான் தெரியும். ஒரு பாறை முழுவதும் ஒரு வாரத்துக்குள் வெறுமையாகிவிடும்.

நத்தைகள் எட்டாத இடங்களும் உண்டு. சம்ப், நீர் வழியும் பெட்டியின் உட்புறம், பம்பின் கூடு, குழாய்களின் வாய் ஆகிய இடங்களில் ஒட்டியிருப்பவற்றை நீங்களே நீக்க வேண்டும். கழற்றக்கூடிய பாகங்களை வெளியே எடுத்து வினிகரில் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்குள் வைத்துச் சுரண்ட வேண்டாம். முழுவதும் ஒழித்தேன், ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டன என்று எனக்கு எழுதியவர்களில் பலரின் சம்ப்பைப் பார்த்தபோது, ஐப்டேசியா அங்கேதான் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசி ஐப்டேசியாவும் மறைந்த பின் நத்தைகள் அதிக நாள் தாங்காது. கண்ணாடியில் பகலிலேயே ஊர்ந்து திரியத் தொடங்கினால் இரை தீர்ந்துவருகிறது என்று தெரிந்துகொண்டு, ஊசியில்லாத ஊசிக்குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்து, இதே தொல்லையில் இருக்கும் வேறொருவருக்குக் கொடுங்கள். உங்கள் பகுதியில் பவளத் தொட்டி வைத்திருப்போர் குழுவில் கேட்டால் வாங்கிக்கொள்ளப் பலர் இருப்பார்கள், சில கடைகளும் ஏற்றுக்கொள்ளும். இதை நீங்கள் நத்தைகளை வாங்கும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தேவைக்காக வரவழைத்த உயிரைத் தேவை முடிந்ததும் பட்டினிக்கு விடுவது சரியல்ல. இரக்கப்பட்டு அவற்றையோ தொட்டியின் வேறெந்த உயிரையோ கடலில் விட்டுவிடவும் கூடாது. 1985-இல் ஃபுளோரிடாக் கரையோரம் முதன்முதலில் காணப்பட்ட இந்தோ-பசிபிக் லயன்ஃபிஷ், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறியதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுவதும் பரவி அங்குள்ள மீன்களை அது அழித்துக்கொண்டிருக்கிறது.

மீண்டும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக வராது, நீங்கள் கொண்டு வந்தால் வரும். புதிய பவளத்தை வாங்கியதும், அது ஒட்டப்பட்டிருக்கும் வட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடிப்புறத்துத் துளைகளையும் பசைக்கும் பவளத்துக்கும் இடையிலான விளிம்பையும் தவறாமல் பாருங்கள். பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்கள் தட்டைப் புழுக்களுக்கும் சிறு பூச்சிகளுக்கும் பயன்படுபவை, ஐப்டேசியாவை அவை கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள். முடிந்த போதெல்லாம் பவளத்தைப் பழைய வட்டையிலிருந்து வெட்டியெடுத்துப் புதிய வட்டையில் ஒட்டி, பழையதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதன் பிறகும் நான்கு வாரங்களாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ராஸ் மீனுக்காக நீங்கள் வாங்கும் சிறு தொட்டி, அது திரும்பிய பின் இந்த வேலைக்குப் பயன்படும்.